தொண்டு செய்ய வரும் சகோதரிகளை எப்படி நடத்துவது?



போன மாதம் பத்மநாபபுரத்தில் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் சாயா குடித்துக்கொண்டு நின்றபோது, ஒரு குழுவின் ஊக்குநர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "எந்த வேலைன்னாலும் அதே மூணு பேரைத்தான் கூப்பிடுதிய. மெடிக்கல் கேம்புக்கும் நாங்க, பேங்குக்கும் நாங்க, படுக்கையில கிடக்கிற பாட்டியைப் பாக்கவும் நாங்க. மத்தவங்க எல்லாம் எதுக்காக்கும் குழுவில இருக்காவ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு சகோதரி உடனே, "எங்களை யாரு கூப்பிட்டா? கூப்பிட்டா வரமாட்டோம்னா சொன்னோம்?" என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம்.

தன்னார்வலர் என்றால் வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அப்படியில்லை. சங்கக் கணக்கை எழுதுகிறவர், வங்கிக்கு நடக்கிறவர், சொட்டு மருந்து நாளில் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர், வீட்டில் கிடக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்கிறவர், இவர்கள் எல்லோரும் தன்னார்வலர்களே. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஐஃபாட் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, குழுக்கள் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இப்படிக் கூலி வாங்காமல் உழைத்த பெண்களால்தான். ஆனால் இவர்களை எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பழக்க வேண்டும், எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. கடன் வசூலுக்கு ஐந்து பதிவேடு வைத்திருக்கிறோம். ஆட்களைப் பற்றி ஒரு தாள்கூடக் கிடையாது.

ஊழியமும் தொண்டும்

நம் ஊர்க் கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடியிலும் நீளமான கூடம், ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. அத்தனை பேருக்கு அரிசி குத்தியது யார், தண்ணீர் கோரியது யார், விறகு சுமந்தது யார் என்று வழிகாட்டிகள் சொல்வதில்லை.

பழைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்று ஒன்று இருந்தது. இன்று நம் மாவட்டத்தில் சபை வேலையை ஊழியம் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் அதன் அர்த்தமே வேறு. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி மக்கள் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் சுமை தூக்க வேண்டும், சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் அடி. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809–1851) இந்தக் கூலியில்லா வேலையையும் அநியாய வரிகளையும் எதிர்த்துப் பேசியவர். நம்முடைய பாட்டிமாரின் பாட்டிமார் அந்தச் சுமையைத் தூக்கியவர்களாக இருக்கலாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், வெளியிலிருந்து பார்த்தால் ஊழியமும் தொண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கூலி கிடையாது. வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அழைக்கப்பட்டவருக்கு 'முடியாது' என்று சொல்ல வழி உண்டா? தலைவி கேட்டால் மறுத்தால் அடுத்த கடன் கிடைக்காதோ என்று பயந்து ஒரு சகோதரி வந்தால் அது தொண்டு இல்லை. எங்கள் குழுக்களில் இந்தப் பயம் கொஞ்சம்கூட இல்லை என்று சத்தியம் பண்ண நாங்கள் தயாராக இல்லை. "கேம்புக்கு வராதவங்களுக்கு லோன் லிஸ்ட்ல பேர் கடைசியில" என்று ஒரு தலைவி விளையாட்டாகச் சொன்னதை நாங்களே கேட்டிருக்கிறோம். அவர் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.

ஆகையால் முதல் வேலை, கடனையும் தொண்டையும் பிரித்து வைப்பது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியே வையுங்கள்: பொது வேலைக்கு வருவதும் வராததும் கடனுக்குக் கணக்கில் வராது என்று.

எங்களுக்குப் பட்ட பாடு

படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்ப்பது என்று நாம் தொடங்கியது நினைவிருக்கும். தொடக்கக் கூட்டத்தில் "யார் யார் வருவீங்க, கை தூக்குங்க" என்று மைக்கில் கேட்டோம். 22 பேர் கை தூக்கினார்கள். கைதட்டினோம், போட்டோ எடுத்தோம். மூன்றாவது மாதம் வந்துகொண்டிருந்தவர்கள் 6 பேர்.

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. 'பொறுப்பில்லை' என்று பேசிக்கொண்டோம். பிறகு, விட்டுப்போன 16 பேரின் வீட்டுக்கும் போய் விசாரித்தோம். குற்றம் சாட்டப் போகவில்லை, கேட்கத்தான் போனோம். கிடைத்த பதில்களைச் சொல்கிறோம்.

நான்கு பேர் அண்டி ஆபீஸில் வேலை செய்கிறவர்கள். நாங்கள் வைத்த நேரம் காலை பத்து மணி. அந்த நேரத்தில் அவர்கள் பருப்பு உரித்துக்கொண்டிருப்பார்கள். இது தெரிந்தும் கை தூக்கினீர்களே என்றால், "எல்லாரும் தூக்கினாவ, நான் மட்டும் எப்படி சும்மா இருக்க?" என்றார் ஒருவர். இன்னொருவரின் வீட்டுக்காரர் ரப்பர் வெட்டப் போகிறவர். விடியுமுன் எழுந்து கட்டன் சாயா போட்டு அனுப்பி, பால் எடுத்து வந்தபின் ஷீட் அடிக்க இவரும் கூட நிற்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவர் சும்மாதான் இருக்கிறார். அந்த நேரத்தை நாங்கள் கேட்கவே இல்லை.

இரண்டு பேர் சொன்னது எங்களுக்கு ரொம்ப உறைத்தது. "நாங்க போனோம். அந்த அம்மா கட்டில்ல கிடந்தாவ. என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியல. தொடலாமா, பேசலாமா, தண்ணி குடுக்கலாமா? சும்மா நின்னுட்டு வந்தோம். அடுத்த வாரம் போக வெக்கமா இருந்துச்சு." அவர்களுக்கு மனசு இருந்தது, வந்தும் பார்த்தார்கள். சொல்லிக் கொடுக்காமல் அனுப்பியது நாங்கள்.

இன்னொருவர் பதிவேட்டில் தேதியை மாற்றி எழுதிவிட்டார் என்று எங்களில் ஒருவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டோம். அவர் அதன் பிறகு வரவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. கோட்டைக்கு வெளியே ஒரு வீட்டில், பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு அம்மாவைப் புதன்கிழமை தோறும் ஒரு சகோதரி பார்த்து வந்தார். அவர் மகளின் பிரசவத்துக்காக மார்த்தாண்டம் போய் நாற்பது நாள் இருந்தார். போகுமுன் தலைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். தலைவி எங்களிடம் போனில் சொன்னார். நாங்கள் எழுதி வைக்கவில்லை, வேறு ஆளையும் அனுப்பவில்லை. பகல் முழுக்க வீட்டில் வேறு ஆளில்லை. மருமகள் வேலைக்குப் போய்விடுவார். நாற்பது நாள் கழித்துத் திரும்பிய சகோதரி புரட்டிப் பார்த்தபோது முதுகுத்தண்டின் அடியில் படுக்கைப் புண் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. நர்ஸ் வந்து கட்டுப் போட்டும் ஆற மாதக்கணக்கானது. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "புதன்கிழமை புதன்கிழமை வாசலைப் பாத்துக்கிட்டே கிடந்தேன் மக்களே" என்று மட்டும் சொன்னார்.

தொண்டுதானே, வந்தால் வந்தது, வராவிட்டால் போகட்டும் என்று இதை விட்டுவிட முடியாது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு தடவை போய்விட்டால் அங்கே ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார்.

மலப்புரத்தில் என்ன செய்தார்கள்?

இதே வேலையை நமக்கு வடக்கே கேரளத்தில் நன்றாகச் செய்திருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் சேர்ந்து வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் போன்ற நோயில் துன்பப்படுகிறவர்களுக்கு வலியைக் குறைப்பது, வீட்டாருக்குத் துணை நிற்பது, இதுதான் வேலை. மருத்துவமனையை மட்டும் நம்பினால் நடக்க முடியாத நோயாளி விட்டுப்போகிறார் என்று கண்டு, 1999–2000 வாக்கில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து மக்களையே இதில் சேர்த்தார்கள். கூலித் தொழிலாளி, வீட்டுப் பெண், மாணவர், கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2008-ல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது.

அவர்கள் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 'மனசுள்ளவர்கள் எல்லோரும் வாருங்கள்' என்று பொதுவாகக் கூப்பிடவில்லை. வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்தவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தவருக்கு 16 மணி நேர வகுப்பு, அதன் பிறகு நான்கு நாள் அனுபவமுள்ளவரோடு நோயாளியிடம் போய்ப் பழகுவது. அதற்கு அப்புறம்தான் வேலை.

இரண்டு மணி நேரம் என்று கேட்டால் ஒரு பெண் தன் வாரத்தை யோசித்துப் பார்த்து, முடியும் முடியாது என்று சொல்ல முடியும். 'சேவை செய்ய வாருங்கள்' என்றால் என்ன பதில் சொல்ல? கூச்சத்தில் கை தூக்கத்தான் முடியும். பயிற்சி வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்று நாங்கள் பயந்தோம். அது தப்பு. எப்படிச் செய்வது என்று தெரியாத வேலைக்குப் போகத்தான் பெண்கள் தயங்குகிறார்கள்.

எப்படிக் கேட்பது?

இப்போது நாங்கள் மைக்கில் கேட்பதை விட்டுவிட்டோம். வீட்டுக்குப் போய், ஒருவரிடம், ஒரு வேலையைச் சொல்லிக் கேட்கிறோம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"மைனி, வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு உங்களுக்கு என்ன சோலி?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. நாலரைக்குப் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து வரும்."

"பக்கத்துத் தெருவில அந்த ரிட்டயர்டு வாத்தியார் கிடக்காரு தெரியுமா? வியாழக்கிழமை ஒரு மணி நேரம் அவரைப் போய்ப் பாக்கணும். முதல் மூணு தடவை நாங்க கூட வருவோம். மூணு மாசம் செய்து பாருங்க. அதுக்குப் பிறகு வேண்டாம்னு தோணினா சொல்லிடுங்க, ஒரு வருத்தமும் இல்ல."

"அவரை வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லட்டா?"

"கேளுங்க. வேணும்னா நாங்களும் வந்து பேசுதோம்."

இதில் நாள், நேரம், ஆள், எத்தனை மாதம் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டன. வெளியே வரும் வழியும் முதலிலேயே சொல்லப்பட்டது. மூன்று மாதம் என்று எல்லை சொல்லிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே தொடர்கிறார்கள். எல்லை சொல்லாமல் சேர்த்தவர்கள்தான் சொல்லாமல் நின்றவர்கள்.

நேரம் குறிக்கும்போது நம் பகுதியின் நாட்களையும் பாருங்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவர்கள் உண்டு. நோன்பு மாதத்தில் சாயங்காலம் முஸ்லிம் சகோதரிகளுக்கு முடியாது. அம்மன் கோயில் கொடை, கிறிஸ்துமஸ் வாரம், பரீட்சை மாதம், இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதானே. மூன்று மதத்தாரும் இருக்கும் குழுவுக்கு இது பெரிய வசதி. ஒருவருக்குப் பண்டிகை என்றால் இன்னொருவர் போகலாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்கள் பட்டியலில் போனது ஒரு முஸ்லிம் சகோதரியும் ஒரு இந்துச் சகோதரியும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் வெட்டு இருக்காது. அந்த வீடுகளில் கைக்காசு குறைவு, ஆனால் நேரம் கிடைக்கும். இரண்டையும் நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. நோயாளியைப் பார்த்தால் மயக்கம் வருகிற ஒரு சகோதரி இப்போது பதிவேடு எழுதுகிறார், நர்ஸுக்குப் போன் செய்கிறார். எழுத்து வராத ஒரு ஆச்சிதான் எங்களில் நோயாளியைக் குளிப்பாட்டுவதில் கெட்டிக்காரி.

முதல் நாளில் என்ன சொல்லிக் கொடுப்பது?

புதிதாக வருகிறவரை ஒருபோதும் தனியாக அனுப்பாதீர்கள். முதல் நாள் பழகிய ஒருவரோடு போய் உட்கார்ந்து கேட்பது மட்டும் போதும். நோயாளி பேசட்டும்.

படுக்கையில் கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிக் காட்டுங்கள். இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் ஆகிய இடங்களில் சிவந்து, விரலால் அமுக்கி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. விரிப்பு சுருக்கமில்லாமலும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். வாய் சுத்தம், குடிக்கத் தண்ணீர், நகம் வெட்டுவது, இவ்வளவும் நாம் செய்யலாம். படுத்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். தலையை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

செய்யக் கூடாததையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். மாத்திரை நாமாகக் கொடுக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. முதியோர் உதவித்தொகை எடுத்து வரச் சொல்லி ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. எவ்வளவு நல்ல மனசோடு வாங்கினாலும் பிறகு பத்து ரூபாய் குறைந்தால் பேச்சு நம் மேல் வரும். அந்த வீட்டில் பார்த்தது, கேட்டது அந்த வீட்டு வாசலோடு நிற்க வேண்டும். மருமகள் சோறு போடவில்லை என்று அந்தப் பாட்டி சொன்னதைக் குழுக் கூட்டத்தில் பேசினால் அடுத்த வாரம் அந்தக் கதவு நமக்குத் திறக்காது. உண்மையிலேயே கொடுமை நடக்கிறது என்று தோன்றினால் ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், தெருவில் சொல்ல வேண்டாம்.

அந்த இன்னொரு டம்ளர்

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தோம். எழுதுகிறோம்.

ஒரு வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய சகோதரியை, இரண்டாவது வாரம் அந்த வீட்டார், "வேற ஆளை அனுப்புங்க" என்றார்கள். காரணம் கேட்டோம். சுற்றி வளைத்துச் சொன்னார்கள். சாதிதான் காரணம். எங்களுக்குள்ளேயே சிலர், "நோயாளிக்காக வேறு ஆளை அனுப்பிவிடலாமே, வம்பு எதற்கு?" என்றார்கள். அந்தச் சகோதரியிடமும் கேட்டோம். "என்னை மாத்தினா நான் வேற எந்த வீட்டுக்கும் போகமாட்டேன்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஆளை மாற்றுவதில்லை என்று அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டோம். ஒரு மாதம் அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. நர்ஸ் மட்டும் போய் வந்தார். பிறகு அவர்களே போன் செய்து அதே சகோதரியை வரச் சொன்னார்கள். இன்றைக்கும் அங்கே அவருக்குத் தனி டம்ளர்தான். அவர் தண்ணீர்க் குப்பியைக் கையோடு கொண்டு போகிறார், அவர்கள் கொடுக்கும் சாயாவை வேண்டாம் என்கிறார். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார். இதை இதற்கு மேல் எப்படிச் சரி செய்வது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஆளை மாற்றியிருந்தால் கூட்டமைப்பே அந்தத் தனி டம்ளரை ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும்.

பணம் கொடுக்கலாமா?

இது எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. எங்கள் கருத்தைச் சொல்கிறோம், நீங்கள் மறுக்கலாம்.

தொண்டுக்கு வருகிறவர் கைக்காசு செலவழிக்கக் கூடாது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு பஸ் செலவு குறைந்தது. ஆனால் வேளிமலைப் பக்கம் ஏறிப் போக ஆட்டோதான் வேண்டும். போன் ரீசார்ஜ், நோட்டு, கையுறை, சோப்பு, இதெல்லாம் கூட்டமைப்பு கொடுக்க வேண்டும். கணக்கு காட்டிக் கேட்கும் சகோதரியைக் 'காசுக்கு வருகிறவள்' என்று பேசாதீர்கள்.

அதற்கு மேல் இன்னொன்று. தினமும் வேலை, இவ்வளவு வீடு முடிக்க வேண்டும், இன்ன தேதிக்குள் அறிக்கை, வராவிட்டால் கேள்வி என்று வந்துவிட்டால் அது உத்தியோகம். அதைத் தொண்டு என்று பெயர் வைத்து அழைப்பது நியாயமில்லை. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஆஷா பணியாளர்களைத் தன்னார்வலர் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஊக்கத்தொகை என்றார்கள். எங்களைத் தொழிலாளராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பல மாநிலங்களில் அவர்கள் போராடியது பேப்பரில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை மகளிர் குழுக்களில் இருந்தே எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அந்த வேலை அரைநாளைத் தின்னும். நம் சகோதரிகள் இப்படி எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, எப்போது கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பணம் இல்லாமலும் கொடுக்கக்கூடியது உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் தொண்டர்கள் வந்தார்கள், அதில் பெண்கள் நிறைய. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். சைக்கிள் இருந்தால் தொண்டர் ஊர் ஊராகப் போகலாம். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். வேலைக்காகக் கற்ற சைக்கிள் வீட்டுக்கும் உதவியது. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கு விட, சந்தைக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றானது. நம்மிடம் வருகிற பெண்ணுக்கும் இப்படி ஒன்று கிடைக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு சகோதரி தன் மாமியாருக்கும் பார்க்கிறார், தெருவில் அவருக்கு இப்போது ஒரு மதிப்பு உண்டு.

ஆள் கூடிப்போனால்

ஆள் இல்லாததுதான் பிரச்சினை என்று நினைக்கிறோம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நம் மாவட்டத்துக் கடற்கரை, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் என்ன பாடு பட்டது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். மணக்குடிப் பாலமே போய்விட்டது. உதவ வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் யார் எங்கே என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லாத இடங்களில் ஒரே முகாமுக்கு மூன்று வேன் சோறு வந்தது, அடுத்த தெருவுக்கு ஒன்றும் வரவில்லை. தமிழ்நாட்டுக் கரை நெடுகப் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது, உடுத்த ஆளில்லை. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் கூடி ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்து, கலெக்டர் அலுவலகத்தோடு பேசிப் பேசி வேலையைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் ஒழுங்கு வந்தது. மழை வெள்ளமோ புயலோ வரும் நாளில் நம் கூட்டமைப்பு செய்ய வேண்டிய முதல் காரியமும் இதுதான். ஒரு மேசை, ஒரு நோட்டு, வருகிறவர் பெயரை எழுதி வேலை சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் தானே சோறு பரிமாறப் போய்விடக் கூடாது.

பாராட்டும் கண்டிப்பும் விடைபெறுதலும்

தவறு செய்தால் தனியாகச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். நல்லது செய்தால் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நாங்கள் இதை ஒருமுறை தலைகீழாகச் செய்து ஒரு நல்ல சகோதரியை இழந்தோம். ஆண்டு விழாவில் வந்த விருந்தினருக்கும் தலைவிக்கும் பொன்னாடை போட்டுவிட்டு, வருடம் முழுக்க நடந்தவரைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதும் நம் பழக்கமாகிவிட்டது. பொன்னாடைக் காசில் அவருக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுக்கலாம். நம் ஊர் மழைக்கு அது உதவும்.

மாதம் ஒருமுறை போய் வருகிறவர்களை மட்டும் கூட்டி ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அறிக்கை வாங்க இல்லை. சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் போதும். அவர்கள் பார்த்த நோயாளி இறந்து போனால் அது அவர்களையும் தாக்கும். அழட்டும். இரண்டு சாவு அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள். மகள் பிரசவம், மாமியாருக்குச் சுகமில்லை, வேலை கிடைத்தது, சும்மா அலுத்துவிட்டது, எந்தக் காரணமும் காரணம்தான். பதிவேட்டை வாங்கிக்கொண்டு, அவர் பார்த்த வீட்டுக்கு அவரே புதியவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுப் போகட்டும். எங்கள் பட்டியலில் இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பெயர் இருக்கிறது. முதல் பெயர் போகிறவர், இரண்டாவது அவர் போக முடியாத வாரம் போகிறவர். போக முடியாதவர் முதலில் இரண்டாமவருக்கு நேராகப் போன் செய்ய வேண்டும், பிறகுதான் எங்களுக்கு. அந்தப் புதன்கிழமை அம்மா வீட்டுக்கும் இரண்டு பெயர் எழுதியிருக்கிறோம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச

கடந்த ஆறு மாதத்தில் உங்கள் குழுவின் பொது வேலைகளை யார் யார் செய்தார்கள் என்று பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது? ஒருமுறைகூட வராத பெயர்கள் எவை? அவர்களிடம் யாராவது நேரில் போய்க் கேட்டதுண்டா? உங்கள் குழுவில் 'எனக்கு இப்ப முடியாது' என்று கடைசியாகச் சொன்னவர் யார், அதற்குப் பிறகு அவரிடம் மற்றவர்கள் எப்படிப் பேசினார்கள்? உங்கள் தெருவில் யார் வருகைக்காகவாவது காத்துக் கிடக்கும் முதியவர் உண்டா?

எழுதத் தெரிந்தவர் ஒருவர் இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். வாரத்தில் எந்த நாள் எந்த ஒரு மணி நேரம் கொடுக்க முடியும் என்று சொன்னவர்களின் பெயரை மட்டும் பின்பக்கத்தில் எழுதுங்கள். முடியாது என்றவர்களின் பெயரை எழுத வேண்டாம்.